பாறைக்குள் ஒரு ஜெருசலம்: எத்தியோப்பியாவின் பழந்தலங்கள்

ஆப்பிரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது சிங்கமும் யானையும் திரியும் புல்வெளி. எத்தியோப்பியா என்றாலோ 1984ஆம் ஆண்டுப் பஞ்சம்தான். நம் பெற்றோர் அன்று தொலைக்காட்சியில் கண்ட படங்கள், இன்றுவரை அந்நாட்டின் அடையாளமாகவே தங்கிவிட்டன. ஆனால் அந்த மண்ணில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தன் பெயரில் பொற்காசு அடித்த ஓர் அரசு இருந்தது. சொந்த எழுத்து இருந்தது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பாறையைக் குடைந்து எழுப்பிய தேவாலயங்களில் இன்றும் தவறாமல் வழிபாடு நடக்கிறது.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் எத்தியோப்பியாவுக்குச் செல்ல விரும்புகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எகிப்தின் பிரமிடைப் பார்க்கப் போகிறவர், வழிபடுவோர் எவரும் இல்லாத ஒரு பழஞ்சமயத்தின் மிச்சத்தைப் பார்க்கிறார். எத்தியோப்பியாவில் அந்த வசதி கிடையாது. நீங்கள் படமெடுக்க நினைக்கும் வாசலில் ஒரு மூதாட்டி நெற்றி படக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வடக்கே பஹிர் தார், கோண்டார், ஆக்சும், லாலிபெலா என்று சுற்றிவருவது வழக்கமான பயணப் பாதை. ஊர்களுக்கிடையே மலைகள் குறுக்கிடுவதால் பலரும் உள்நாட்டு விமானத்தையே நாடுகின்றனர். நாம் காலவரிசைப்படி ஆக்சுமிலிருந்து தொடங்குவோம்.

ஆக்சும் இன்று ஒரு சிறு நகரம். கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டுவரை அது செங்கடல் வாணிபத்தை ஆண்ட பேரரசின் தலைநகர். அதன் துறைமுகமான அதுலிஸ் இன்றைய எரித்திரியாவில் உள்ளது. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் செலவு' என்ற கிரேக்க வணிகக் கையேட்டைத் தமிழிலக்கிய மாணவர்கள் அறிவார்கள். முசிறியைப் பற்றிச் சொல்லும் அதே நூல்தான் அதுலிஸில் யானைத் தந்தம் வாங்கலாம் என்றும் சொல்கிறது. இந்தியாவோடு இருந்த தொடர்புக்கு மண்ணிலிருந்தே சான்றும் கிடைத்திருக்கிறது. ஆக்சுமுக்குக் கிழக்கே, கயிற்றைப் பிடித்து ஏறினால் மட்டுமே அடையக்கூடிய தெப்ரே தாமோ என்ற மலைமடத்தில் குஷாண மன்னர்களின் பொற்காசுகள் கண்டெடுக்கப்பட்டன. (அந்த மடத்தில் ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. மாணவியர் கீழே நின்று மலையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!)

ஆக்சுமின் பெருமை அதன் கற்றூண்கள். அரச கல்லறைகளின் மேல் நாட்டப்பட்டவை என்பதால் நாம் அவற்றை நடுகல் என்றே அழைக்கலாம். ஆனால் அளவில் நம் நடுகற்களோடு ஒப்பிடவே முடியாது. ஒவ்வொன்றும் ஒரே கல். அதில் அடுக்குமாடி வீட்டைப் போலக் கதவும் சன்னல்களும் மாடி மாடியாகச் செதுக்கப்பட்டுள்ளன. மிகப் பெரிய தூண் சுமார் 33 மீட்டர் நீளம், 520 டன் எடை. அது இன்று தரையில் துண்டுகளாகக் கிடக்கிறது. நிறுத்தும் முயற்சியிலேயே அது சாய்ந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

இரண்டாவது பெரிய தூணின் கதை வேறு. சுமார் 24 மீட்டர் உயரமுள்ள அதை, 1937இல் முசோலினியின் படையினர் துண்டுகளாக ரோம் நகருக்குக் கொண்டுசென்று நிறுத்தினர். திருப்பித் தருவதாக இத்தாலி 1947ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு சரி! ஆண்டுகள் ஐம்பதும் கடந்தன. 2002இல் ரோமில் இடி விழுந்து தூண் சேதமுற்ற பிறகே காரியம் வேகம் பிடித்தது. 2005 ஏப்ரலில் மூன்று துண்டுகளாக, அந்தோனோவ் என்ற மாபெரும் சரக்கு விமானத்தில் அது வீடு திரும்பியது. 2008இல் பழைய இடத்திலேயே மீண்டும் நிமிர்ந்து நின்றது. அருங்காட்சியகங்களில் சிறைப்பட்டிருக்கும் பிறநாட்டுச் செல்வங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'கொண்டுபோவது கடினம், உடைந்துவிடும்' என்ற சாக்கைக் கேட்கிறோம். 150 டன்னுக்கு மேற்பட்ட கல்லே ஊர் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

நான்காம் நூற்றாண்டில் ஆக்சுமை ஆண்ட எசானா மன்னன் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவினான். அவனுடைய காசுகளைப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரியும்: முந்தைய காசுகளில் பிறையும் வட்டமும், பிந்தையவற்றில் சிலுவை. அவனுடைய கல்வெட்டுகள் கிரேக்கம், தென்னரபிய எழுத்து, கீஇஸ் என மூவகையாகப் பொறிக்கப்பட்டன. கீஇஸ் எழுத்தைப் பற்றி நமக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதியது. எசானா காலத்தையொட்டி ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு கூடி ஏழு வடிவங்கள் பெற்றது. ஆம், நம் உயிர்மெய் முறையேதான்! இன்று அம்மொழியை வீட்டில் பேசுவார் இல்லை. ஆனால் தேவாலயங்களில் இன்னும் அதிலேயே ஓதுகின்றனர். அதன் எழுத்திலேயே இன்றைய அம்ஹாரிக், திக்ரிஞா மொழிகள் எழுதப்படுகின்றன.

ஆக்சும் சீயோன் மரியன்னை தேவாலய வளாகத்தில்தான், மோசே பெற்ற கற்பலகைகள் அடங்கிய உடன்படிக்கைப் பேழை இருப்பதாக எத்தியோப்பியர் நம்புகின்றனர். அதைக் காணும் உரிமை ஒரே ஒரு காவல் துறவிக்கு மட்டுமே. அவரும் உயிருள்ளவரை அவ்வளாகத்தை விட்டு வெளியேறமாட்டார். 'உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா?' என்று பயணிகள் கேட்காத நாளில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைவிடச் சுவையானது அந்நம்பிக்கை நாடெங்கும் செய்யும் வேலை. எத்தியோப்பியத் தேவாலயம் ஒவ்வொன்றிலும் 'தபோத்' எனப்படும் புனிதப் பலகை இருக்கும். அது இருந்தால்தான் அது தேவாலயம். ஜனவரி 19இல் (சில ஆண்டுகளில் 20இல்) வரும் திம்கெத் திருவிழாவின்போது, அதைப் பட்டுத்துணியால் மூடி, குரு தன் தலைமேல் சுமந்து, குடையும் மேளமும் சூழ நீர்நிலைக்கு எடுத்துச்செல்வார். உற்சவர் புறப்பாட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு: நம் உற்சவரை அலங்கரித்துக் காட்டுவார்கள், தபோத்தையோ எவர் கண்ணிலும் படாமல் மூடியே வைப்பார்கள்.

இனி லாலிபெலா. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் இது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட சாக்வே மரபு மன்னன் லாலிபெலாவின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. 1187இல் ஜெருசலம் சலாவுத்தீனின் வசமானது. அப்புனித நகரைத் தன் மலையிலேயே உருவாக்க மன்னன் எண்ணினான் என்பது மரபு. இங்கு ஓடும் ஓடைக்கு யோர்தானோஸ் என்று பெயர், யோர்தான் நதியேதான். பகலில் மனிதர் செதுக்கியதை இரவில் தேவதூதர்கள் தொடர்ந்தார்கள் என்பது ஊர்க்கதை. பதினொரு தேவாலயங்களும் ஒரே அரசன் காலத்தவை அல்ல, சில மிகப் பழைமையானவை என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

எப்படிக் கட்டினார்கள்? கட்டவே இல்லை! முதலில் எரிமலைப் பாறையில் நாற்புறமும் ஆழமான பள்ளம் தோண்டி நடுவில் ஒரு பெருங்கல்லைத் தனியே பிரித்தனர். பிறகு மேலிருந்து கீழாகக் கூரை, சன்னல், கதவு என்று வெட்டி, உள்ளே தூண்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குடைந்தெடுத்தனர். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இம்முறை உடனே விளங்கும். இரண்டுக்கும் தொடர்பேதும் இல்லை. ஆனால் சிற்பிக்கு இருந்த இடர் ஒன்றே. தவறாக வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட முடியாது.

பதினொன்றும் இப்படி முழுதாகப் பிரிந்து நிற்பவை அல்ல. சில ஒரு பக்கம் மலையோடு ஒட்டியவை, சில குகைபோன்றவை. மிகப் பெரியது பேத்தே மெதானே ஆலெம், அதாவது 'உலக மீட்பரின் இல்லம்': சுமார் 33 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். எல்லாரும் படத்தில் பார்த்திருப்பது பேத்தே கியோர்கிஸ். மற்றவற்றிலிருந்து விலகி, சுமார் 12 மீட்டர் ஆழக் குழிக்குள் சிலுவை வடிவில் நிற்கிறது. அருகில் வரும்வரை அங்கே ஒரு கட்டடம் இருப்பதே தெரியாது. தரைமட்டத்தில் அதன் கூரை. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிலுவைகள். 1520களில் இங்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ், தாம் கண்டதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்களே என்று கவலைப்பட்டு, உண்மையென்று ஆணையிட்டு எழுதினார்.

1978இல் யுனெஸ்கோ தன் முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் லாலிபெலாவைச் சேர்த்தது. ஆனால் பட்டியல் மழையைத் தடுக்காது. பாறை நீரை உறிஞ்சுகிறது, விரிசல் விடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2008இல் ஐந்து தேவாலயங்களின் மேல் பெரிய கூரைகள் போடப்பட்டன. தற்காலிக ஏற்பாடு என்றார்கள். பின்னர் அக்கூரைகளே ஊராருக்குக் கவலையாயின. காற்றில் ஆடும் அந்தக் கனத்த இரும்புத் தூண்கள் சாய்ந்தால் என்னவாகும்? 2018இல் மக்கள் திரண்டு வீதிக்கு வந்தனர். 2019இல் பிரான்சு உதவிக்கரம் நீட்டியது. கூரையை எடுத்தால் மழை, வைத்தால் பாரம். அருங்காட்சியகப் பொருளாக இருந்தால் கதவை அடைத்துவிட்டு நிதானமாகப் பழுது பார்க்கலாம். ஜனவரி 7ஆம் நாள் கிறிஸ்துமசுக்குக் கால்நடையாகவே மலையேறி வரும் பல்லாயிரவரிடம் 'இவ்வாண்டு மூடியிருக்கிறது' என்று யார் சொல்வது?

இதைவிடப் பெரிய காயத்தைப் போர் தந்தது. 2020 நவம்பரில் திக்ராய் பகுதியில் போர் மூண்டது. அதே மாதம் ஆக்சுமில் எரித்திரியப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்றதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2021இல் அறிக்கை வெளியிட்டது. நெகாஷ் என்னும் ஊரின் பழம்பெரும் பள்ளிவாசலும் சேதமுற்றது. கி.பி. 615இல் மக்காவில் துன்புற்ற நபித்தோழர்களுக்கு அபிசீனிய மன்னர் அடைக்கலம் தந்ததை நினைவூட்டும் தலம் அது. 2021 ஆகஸ்டில் லாலிபெலாவும் போராளிகளின் கைக்கு மாறியது. 2022 நவம்பரில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் லாலிபெலாவும் கோண்டாரும் அமைந்துள்ள அம்ஹாரா பகுதியில் 2023இல் புதிய மோதல் வெடித்தது. பயணச்சீட்டு வாங்குமுன் நம் வெளியுறவு அமைச்சின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வழிகாட்டிகள், கோவேறுகழுதை வைத்திருப்போர், காலணி காப்போர் எனப் பயணியரை நம்பிய குடும்பங்கள் இவ்வூர்களில் ஏராளம்.

மற்றத் தலங்களை விரைவாகவே சொல்ல வேண்டியுள்ளது. 1636இல் பாசிலிதஸ் மன்னன் தலைநகராக்கிய கோண்டாரில் கோட்டை அரண்மனைகள் உண்டு. அங்குள்ள தெப்ரே பெர்ஹான் செலாசி தேவாலயத்தின் விதானத்தில், சிறகு முளைத்த தேவதூதர் முகங்கள் நூற்றுக்கு மேல் நம்மை உற்றுப் பார்க்கும். நீல நைல் புறப்படும் தானா ஏரியின் தீவுகளில் ஓவியம் நிறைந்த மடங்கள் இருக்கின்றன. கிழக்கே ஹாரார், மதில் சூழ்ந்த முஸ்லிம் நகரம். 82 பள்ளிவாசல்கள் அதற்குள். தனிக் கட்டுரைக்கு உரியது அது.

செல்கிறவர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். அங்கு ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். நம் நாட்காட்டியைவிட ஏழெட்டு ஆண்டு பின்தங்கியது. இரண்டாயிரமாவது ஆண்டை அவர்கள் 2007 செப்டம்பரில்தான் கொண்டாடினர்! மணிக்கணக்கும் சூரிய உதயத்திலிருந்து தொடங்கும், நம் பழைய நாழிகைக் கணக்கைப் போல. காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. 'வண்டி இரண்டு மணிக்கு' என்று ஓட்டுநர் சொன்னால் யாருடைய இரண்டு மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவாலயங்களில் காலணியைக் கழற்ற வேண்டும். தடித்த காலுறை அவசியம், பழைய கம்பளங்களில் தெள்ளுப்பூச்சி உண்டு. லாலிபெலாவின் சுரங்க வழிகளுக்குக் கைவிளக்கு வேண்டும். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பேத்தே மரியாமுக்குப் போய் ஓர் ஓரமாக நில்லுங்கள். வெள்ளைப் போர்வை போர்த்தியவர்கள் பாறைச் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். உள்ளேயிருந்து மேளமும் கீஇஸ் ஓதலும் வரும். படக்கருவி பையிலேயே இருக்கட்டும்.