கொல்லைக்குளமும் குழாய்நீரும்: ரெம்பாவ் வட்டாரத்து மீன் வளர்ப்போர் அறிய வேண்டியவை

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசியக் குடிநீர்த் தரநிலை, வீட்டுக் குழாயை வந்தடையும் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5.0 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பல கிலோமீட்டர் குழாயில் ஓடிவரும் நீரில் வழியிலேயே கிருமி பெருகாதிருக்க இந்த எச்சக் குளோரின் தேவை. ஆகவே அது பிழையன்று, பாதுகாப்பு. ஆனால் நன்னீர் உயிரினங்கள் குறுகிய நேரம் தாங்கக்கூடிய அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்திருப்பது லிட்டருக்கு 0.019 மில்லிகிராம் மட்டுமே. அதாவது மனிதர் குடிக்கும் நீரில் இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் குளோரினே மீனுக்குரிய வரம்பைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. குடிநீரிலுள்ள குளோரின் மனிதரின் வயிற்றுக்குள் போய் அங்குள்ள பொருள்களோடு வினைபுரிந்து அடங்கிவிடுகிறது. மீனுக்கோ அது செவுளின் மெல்லிய தோலை நேராகத் தொட்டுச் சிதைக்கிறது. தரநிலை காப்பது முதல் அளவுகோலை மட்டுமே என்பதால், இரண்டாவது அளவுகோலைக் காக்கும் பொறுப்பு குளத்துக்கு உரியவரிடமே தங்கிவிடுகிறது.

நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் வட்டாரத்தில், ரப்பர், செம்பனைத் தோட்டக் குடியிருப்புகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் வாழும் செம்போங், பெடாஸ் போன்ற இடங்களின் தாமான்களிலும், வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டியோ தார்ப்பாய் விரித்த குழியோ அமைத்து, கறிக்கு திலாப்பியா, கெலி, அழகுக்கு கொய், தங்கமீன் என வளர்ப்பதற்கு இடமும் வெயிலும் உண்டு. இக்குளங்களுக்கு மழை போதாத நாள்களில் குழாய்நீரே துணை. மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளம் 3,000 லிட்டர் கொள்ளும். வெயில் நாளொன்றில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு 30 லிட்டர்தான். நீரில் குளோரின் 2 மில்லிகிராம் இருக்கும்போது அந்த 30 லிட்டரை மட்டும் ஊற்றினால் குளம் முழுவதும் கலந்த பின் அளவு 0.02 மில்லிகிராமாகி, பாசியிலும் சேற்றிலும் வினைபுரிந்து விரைவில் மறைந்தும் போகிறது. குளத்தைக் கழுவிவிட்டுப் பாதியை, அதாவது 1,500 லிட்டரை, ஒரே மூச்சில் நிரப்பினாலோ அதே குளோரின் 1 மில்லிகிராமாக உயர்ந்து, மேற்சொன்ன வரம்பை ஐம்பது மடங்குக்கு மேல் தாண்டுகிறது. "பல வருசமாக் குழாய்த்தண்ணிதானே ஊத்துறோம், ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சும், அதே வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்த மறுநாள் மீன்கள் மிதப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. இரண்டுக்கும் காரணம் ஊற்றிய அளவு.

கெலி மீன் பிழைத்திருப்பதை நீர் நல்லதென்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் ஏமாற்றும். அது நீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாக உறிஞ்சவல்ல இனம். அதே தொட்டியில் கொய் மூச்சுத் திணறும்போதும் அது நீந்திக்கொண்டிருக்கும்.

குளோரின் எல்லா நீரிலும் ஒரே வடிவில் இருப்பதில்லை. தனிக்குளோரின் என்பது நீரில் தனித்துக் கரைந்திருப்பது. அகன்ற திறந்த பாத்திரத்தில் வெயிலும் காற்றும் பட ஓரிரு நாளில் பெரும்பாலும் கலைந்துவிடும். அம்மோனியாவோடு பிணைந்த வடிவம் குளோரமைன் எனப்படும். இது நாள்கணக்கில் நிற்கும். ஆலையில் திட்டமிட்டுக் கலக்காவிட்டாலும், மூலநீரில் அம்மோனியா இருந்தால் இட்ட குளோரின் அதோடு பிணைந்து குளோரமைனாகும் என்பதால், வீடும் பண்ணையும் தொழிற்சாலையும் கரையில் அமைந்த ஆறுகளின் நீரைப் பயன்படுத்தும் எந்த வட்டாரத்திலும் இதை மறந்துவிடக் கூடாது. ரெம்பாவ் ஆறு கலக்கும் லிங்கி ஆற்றுப்படுகையும் அத்தகையதே. நீச்சல் குளத்துக்கு விற்கும் சோதனைப் பெட்டிகளில் தனிக்குளோரினையும் மொத்தக் குளோரினையும் வெவ்வேறாகக் காட்டும் வகையை வாங்கினால், இரண்டு எண்ணுக்கும் இடையிலான வேறுபாடே பிணைந்த குளோரினின் அளவாகும். தனிக்குளோரினை மட்டும் காட்டும் மலிவுப்பெட்டி இவ்விடத்தில் அரைக்கண்தான்.

குளோரமைனின் பிணைப்பை உடைத்தால் வேலை முடிவதில்லை, அம்மோனியா மிஞ்சுகிறது. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் மீனைக் கொல்லும் வடிவத்தின் பங்கு, நீரின் காரத்தன்மையைக் குறிக்கும் பிஎச் எண்ணோடு ஏறும். 28 பாகை செல்சியசில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, 8 என்றால் ஆறு, ஏழு, 9 என்றால் நாற்பது. பச்சைப்பாசி படர்ந்த குளத்தில் பாசி நாள்முழுதும் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிற்பகலில் பிஎச் 9 வரை எழக்கூடும். புதிய சிமெண்டுத் தொட்டியின் சுண்ணாம்பும் அதையே செய்யும். ஆகவே குளோரமைன் உள்ள நீரைச் சேர்ப்பதற்கு நண்பகல் கடந்த வேளை மிக மோசமானது. விடியலில் உயிர்வளி குறைந்திருக்கும். காலை வெயில் ஏறத்தொடங்கிய பின், காற்றுக்குழாயை ஓடவிட்டபடி சேர்ப்பதே ஏற்றது.

குளோரினை நீக்க மீன்கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மருந்துகளின் அடிப்படை சோடியம் தயோசல்பேட்டு என்ற படிகம். ஒரு கிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ ஏழு கிராம் படிகம் வேண்டும். 1,500 லிட்டரில் 2 மில்லிகிராம் வீதம் 3 கிராம் குளோரின் இருக்குமாயின், சற்றே மிகையாக 22 கிராம் போதும். இதைத் தனித்தொட்டியில் நீர் பிடித்துக் கலக்கினால் அந்நீருக்கு மட்டும் கணக்கிடலாம். குளத்திலேயே குழாயைத் திறப்பவர் குளத்தின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு, குழாயைத் திறக்கும் முன்பே மருந்தைக் கலக்க வேண்டும். ஒரு கைப்பிடி உப்பு போட்டால் குளோரின் போய்விடும் என்ற எண்ணத்துக்கு வேதியியலில் இடமில்லை. குளோரமைனுக்கு தயோசல்பேட்டு மட்டும் போதாது. அம்மோனியாவையும் பிணைப்பதாகச் சிட்டையில் குறிப்பிட்ட மருந்தே தேவை. தோட்டத்தில் களைக்கொல்லி கலந்த வாளியையோ பீப்பாயையோ எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கலாகாது.

மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளப்பதும், செவுள் வெளுப்பதும், உடலில் கோழை படிவதும், திடீரெனப் பாய்ந்து சுவரில் மோதுவதும் குளோரின் தாக்கியதன் அறிகுறிகள். அந்நேரத்தில் குழாயை மூடி, முழுக் கொள்ளளவுக்கும் மருந்திட்டு, காற்றைப் பெருக்கி, தீனியை நிறுத்த வேண்டும். வடிகட்டியில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் குளோரின் கொன்றுவிடுவதால், தப்பிய மீன்களும் மூன்று நான்கு நாள் கழித்து அம்மோனியா ஏறி மடிவதுண்டு. முதல்நாள் அமைதியை நம்பிவிடக் கூடாது.

ரப்பர்க் குழாயின் முனையைக் குளத்துநீரில் மூழ்கவிடுவது மீனைவிட மனிதருக்கே ஆபத்து. தெருக்குழாயில் அழுத்தம் திடீரென இறங்கும்போது, மூழ்கிய முனை வழியாகக் குளத்துநீர் உறிஞ்சப்பட்டு அடுத்த வீட்டுக் குடிநீரில் கலக்கக்கூடும். குழாய் முனைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாண் காற்றிடைவெளி விட்டால் இது நேராது. பொதுநீரை மாசுபடுத்துவது 2006-ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழில்துறைச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 655-இன்படி, குற்றமாகும்.

உரிமைகளைப் பொறுத்தவரை இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். தோட்டக் குடியிருப்பில் வாழ்வோருக்கு, 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்சக் குடியிருப்பு, தங்குமிட, வசதித் தரநிலைச் சட்டம், அதாவது சட்டம் 446, முதலாளி இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்நீர் தர வேண்டும் எனக் கடமை விதிக்கிறது. பொதுக்குழாய் கிடைக்காத இடத்தில் தோட்டமே வடிகட்டிச் சுத்திகரித்த நீரை ஒப்புதலோடு தரலாம். தோட்டமே குளோரின் இடும் இடங்களில் அளவு நாளுக்கு நாள் மாறக்கூடும் என்பதால், குளம் வைத்திருப்போர் சோதனைப் பெட்டியின்றி இருப்பது துணிச்சலே. குடிக்கவே தகாத நீர் வந்தால் முறையீடு தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லும். ஆனால் இச்சட்டம் காப்பது குடும்பத்தின் தேவையை, மீன்குளத்தையன்று.

தாமான் வீடுகளுக்கு நீர் தருவது சாயின்ஸ் என அழைக்கப்படும் மாநில நீர் நிறுவனம். எச்சக் குளோரின் 5 மில்லிகிராமுக்கு உட்பட்டிருந்தால், மீன் மடிந்ததற்கு இழப்பீடு கேட்க வலுவான அடிப்படை இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. வரம்பு மீறியதாகவோ, பழுப்புநீர் தொடர்வதாகவோ ஐயம் எழுந்தால், நாள், நேரம், படம், சோதனை எண் ஆகியவற்றோடு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, தீராவிடில் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்துக்குக் கொண்டுசெல்லலாம். குடிநீரின் தரத்தைக் கண்காணிக்கும் சுகாதார இலாகாவுக்கும் தெரிவிக்கலாம். நீர்த்தடைக்குப் பின் குழாய்களை அலசும் வேளையில் நீர் கலங்கி வருவது வழக்கம். அன்று குளத்துக்குக் குழாயைத் திறவாமல் காத்திருப்பதே முறை. குளோரமைனை நீக்கும் எனச் சிட்டையிட்டு நீக்காத மருந்தை விற்ற கடையின் மீது, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். அதற்கு இரசீதும் புட்டியும் கைவசம் இருக்க வேண்டும்.

மீன்கள் மடிந்த பின் குளத்தை அப்படியே விட்டுவிடுவது வேறொரு வழக்கைக் கொண்டுவரும். கொசுப்புழுவைத் தின்ன ஆளில்லாத தேங்குநீர், 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி தண்டத்துக்குரியது. டிங்கிக் காலத்தில் சுகாதார அலுவலர் வீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது, அந்தக் குளத்தில் முன்பு மீன் இருந்தது என்ற விளக்கம் எடுபடாது. மீண்டும் மீன் விடும் எண்ணம் உடனே இல்லையெனில், நீரை இறைத்துத் தொட்டியைக் காயவைத்து, மழைநீர் தேங்காதபடி மூடிவைக்க வேண்டும்.