பெரியம்மாவின் லண்டன் பென்ஷன்

ஸ்கூடாயில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒரு வாளி, சமையலறையில் ஒரு வாளி. கையில் பணமில்லாமல் இல்லை. லண்டன் வங்கிக் கணக்கில் பணம் சும்மா கிடந்தது. "இங்க கொண்டாந்தா வரின்னு பாதியப் பிடிச்சுக்குவாங்களாமே, ஐயா" என்று அதைத் தொடாமலேயே வைத்திருந்தார்.

பெரியம்மா கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1969இல், 19 வயதில், தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். நாற்பது ஆண்டுகள் அங்கே அரசு மருத்துவமனைகளில் வேலை. இடையில் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தார். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. நீல அடையாள அட்டை போனது. 2010 மார்ச்சில், 60 வயதில் ஊர் திரும்பியபோது, வெளிநாட்டு ஓய்வாளர்களுக்கான 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' விசாவில்தான் வர முடிந்தது. பிறந்த மண்ணே இரண்டாவது இல்லமாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த வரிப் பயம் எங்கிருந்து வந்தது? முழுக்க வாட்ஸ்அப் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. 2004 முதல் தனிநபர்கள் வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவந்தால் வரி இல்லை. 2021 அக்டோபரில் தாக்கலான பட்ஜெட் அந்த விலக்கை எடுப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 1 முதல் வரி. முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 3 விழுக்காடு என்றார்கள். எங்கள் குடும்பக் குழுவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நிதியமைச்சு, தனிநபர்களுக்கு 2026 முடியும்வரை விலக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. 2025 பட்ஜெட்டில் அது 2036 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் செய்தியை அனுப்பிய யாரும் இரண்டாவதை அனுப்பவில்லை! 'பாதி' என்பதும் வெறும் பேச்சுதான். மலேசியாவில் தனிநபர் வரியின் உச்ச விகிதமே 30 விழுக்காடு. அதுவும் 20 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு.

விலக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வருமானம், வந்த நாட்டில் வரிவிதிப்புக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து உட்கார்ந்தோம். பதினைந்து ஆண்டுக் கடிதங்கள் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தன. தாதி அல்லவா! அவருக்கு இரண்டு பென்ஷன்: ஒன்று மருத்துவமனை வேலைக்கானது, மற்றது பிரிட்டிஷ் அரசின் முதியோர் பென்ஷன். இரண்டும் சேர்ந்து, பிரிட்டனில் வரியில்லாத வரம்பான 12,570 பவுண்டைச் சற்றே தாண்டுகின்றன. தாண்டிய தொகைக்கான 20 விழுக்காட்டை மருத்துவமனை பென்ஷனிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆதாரம், ஆண்டுதோறும் வரும் பி60 என்ற தாள். பெரியம்மா கிழித்துப் போடாமல் வைத்திருந்த அந்தத் தாள்தான் இப்போது அவருடைய கேடயம்.

பிரிட்டனுக்கும் மலேசியாவுக்கும் இடையே 1996இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதைக் காட்டி லண்டன் வரியையும் நிறுத்தலாமே என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே வரி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், 'அங்கே வரிக்கு உட்பட்டது' என்ற இங்கத்திய நிபந்தனை என்னாகும்? சில நூறு பவுண்டுக்காக அந்த வம்பு தேவையா? அப்படிச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு வரிக் கணக்கரைப் பார்த்துவிடுவது நல்லது. எதிர்வீட்டு சிங்கப்பூர் ஓய்வாளரும் பெரியம்மா கதையை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. அவருடைய சிபிஎஃப் மாதத் தொகைக்குச் சிங்கப்பூரில் வரியே கிடையாது.

டின்னைக் கிளறியபோதுதான் உண்மையான இழப்பு எங்கே என்று தெரிந்தது. பெரியம்மா கிளம்பியபோது அரசு பென்ஷன் வாரத்துக்கு 95.25 பவுண்டு. இன்றும் அதே 95.25. பிரிட்டனிலேயே தங்கிவிட்ட அவருடைய தோழிக்கு 2025-26இல் 176.45. அமெரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ குடியேறியிருந்தால் ஆண்டுதோறும் உயர்வு கிடைத்திருக்கும். மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா போனவர்களுக்குக் கிடையாது. ஒரே சந்தா கட்டியவர்கள், ஒரே வேலை பார்த்தவர்கள்! கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,200 பவுண்டுக்கு மேல். லண்டனில் பிடிக்கும் வரியைப் போலப் பல மடங்கு. மருத்துவமனை பென்ஷன் மட்டும் எங்கிருந்தாலும் விலைவாசியோடு ஏறுகிறது. அதனால்தான் தாக்குப்பிடிக்கிறார்.

வெளிநாட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைப்பவர்கள் வரி எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். பென்ஷன் ஏறுமா என்று கேட்பவர் குறைவு. பெரியம்மாவும் கேட்கவில்லை. லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கும் நாட்களுக்கு மட்டும் உயர்ந்த தொகை கொடுப்பார்கள். திரும்பினால் பழையபடி 95.25.

"அப்ப மூணு மாசம் போயிட்டு வரட்டுமா?" என்றார்.

"டிக்கெட் காசுக்கே சரியாப் போயிடும் பெரியம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டின்னை மூடிவிட்டு, கூரைக்காரரின் எண்ணைத் தேடிக் கொடுக்கச் சொன்னார்.