மாட்டுக்கு வர்ற ‘ஹார்ட்வேர்’ நோய்: ஒரு கட்டுக்கம்பி இதயத்துக்குப் போன கதை

இந்த பாட்காஸ்ட்ல வழக்கமா சாஃப்ட்வேர் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு ஹார்ட்வேர். ஆனா கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் இல்லை. கால்நடை மருத்துவத்துல நிஜமாவே ‘ஹார்ட்வேர் டிசீஸ்’னு ஒரு நோய் இருக்கு. ஆணி, கம்பி மாதிரி ஹார்ட்வேர் கடைச் சாமானை மாடு முழுங்குறதால வர்றது. முதல் தடவை இந்தப் பேரைக் கேட்டப்போ டாக்டர் என்னைக் கலாய்க்கிறார்னுதான் நினைச்சேன். கேட்ட இடம் திருவையாறு பக்கத்துல எங்க பெரியம்மா வீட்டுக் கொல்லை. கேட்ட நேரம், செத்துப்போன மாட்டுக்குப் போஸ்ட்மார்ட்டம் நடந்துக்கிட்டிருந்த நேரம்.

என்ன நடந்தது?

பெரியம்மாகிட்ட ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்தது. பேர் லட்சுமி. தை மாசம் கன்னு போட்டுச்சு. நாலஞ்சு நாள் நல்லா இருந்துட்டு திடீர்னு தீனியைக் குறைச்சது, அசை போடுறதை நிறுத்துச்சு. எட்டு லிட்டர் கறந்த மாடு ரெண்டு லிட்டருக்கு வந்துடுச்சு. எங்க வீட்டுல செரிமானக் கோளாறுன்னு முடிவு பண்ணி, வெத்தலையும் மிளகும் அரைச்சு உருண்டையா கொடுத்தாங்க. அதுலேயே மூணு நாள் போயிடுச்சு.

அந்த மூணு நாளும் மாடு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்திருக்கு. ஆத்தங்கரை மேல ஏறுது, ஆனா தண்ணி குடிக்க படுகைக்குள்ள இறங்க மாட்டேங்குது. முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கமா விரிச்சு, முதுகை வளைச்சு நிக்குது. பெரியம்மா இதை போன்ல சொன்னப்போ, “அதுக்கு சோம்பேறித்தனம்டா தம்பி”ன்னாங்க. நானும் சிரிச்சேன்.

டாக்டர் வந்தப்போ முதல்ல திமில் பக்கத்துல முதுகுத் தோலைப் பிடிச்சு அழுத்திப் பார்த்தார். நல்லா இருக்கிற மாடு அப்படி அழுத்தினா முதுகைக் கீழ இறக்கும். லட்சுமி இறக்கலை, முனகுச்சு. “உள்ள ஏதோ குத்துது. எக்ஸ்ரே எடுக்கணும், ஆபரேஷன் தேவைப்படலாம்”னு சொல்லி, ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார். முன்னங்கால் உயரமா இருக்கிற மாதிரி மண் மேடு போட்டு அதுல கட்டச் சொன்னார்.

ரெண்டே நாள்ல மாடு தேறிடுச்சு. தீனி எடுத்தது. நாங்களும் எக்ஸ்ரேயை மறந்துட்டோம். எங்க தப்பு அதுதான்.

மூணு வாரம் கழிச்சு அலைதாடி வீங்க ஆரம்பிச்சது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சது. மாசிக் கடைசியில ஒரு விடியக்காலையில மாடு கொட்டகையிலேயே செத்துக் கிடந்தது.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் பக்கத்து வயல்ல உளுந்துக்கு மருந்து அடிச்சிருந்தாங்க. அந்த வயல்காரரை நான் சின்ன வயசுல இருந்து மாமான்னு கூப்பிடுறேன். பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஒரு வரப்புத் தகராறு வேற. பெரியப்பா அன்னைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டார். “விஷம் வச்சுட்டான்.” அவர் வாயில வேற பேச்சே இல்லை.

நான் பெங்களூர்ல இருந்து முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தேன். எனக்கு மாடு பத்தி எதுவும் தெரியாது. ஆனா ஆபீஸ்ல ஒரு சர்வர் விழுந்தா யாரைத் திட்டுறதுன்னு பார்க்குறதுக்கு முன்னாடி லாகைப் பார்ப்போம். “புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டரை வச்சு அறுத்துப் பார்த்துடுவோம் பெரியப்பா”ன்னு சொன்னேன். மாடு இன்சூரன்ஸ்ல இருந்ததால எப்படியும் டாக்டர் சர்டிபிகேட் வேணும். அதனாலதான் அவர் ஒத்துக்கிட்டார்.

நாலு அறை வயிறு, அதுல ஒரு டிசைன் சிக்கல்

இங்க கொஞ்சம் உடற்கூறு பேசணும். மாட்டுக்கு வயிறு ஒண்ணுதான், அறைகள் நாலு: ரூமன், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம். ஆட்டுக்கும் இதேதான். போட்டி வறுவல் சாப்பிடுறவங்க இதைத் தட்டுலயே பார்த்திருப்பீங்க. டர்க்கி டவல் மாதிரி சொரசொரன்னு இருக்கிற துண்டு ரூமன். தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்கிறது ரெட்டிகுலம். புத்தகப் பக்கம் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கிறது ஒமேசம்.

ரூமன் ஒரு பெரிய நொதிக்கும் தொட்டி. வளர்ந்த மாட்டுல 100 லிட்டருக்கு மேல கொள்ளும். ரெட்டிகுலம் அதுக்கு முன்னாடி, கொஞ்சம் தாழ்வா இருக்கிற சின்னப் பை. கனமான பொருள் எது உள்ள போனாலும் கடைசியில இங்கதான் வந்து தங்கும். தேன்கூட்டுக் கட்டத்துல கம்பி முனை மாட்டிக்கிறதும் சுலபம்.

இப்போ ரெட்டிகுலத்தோட அட்ரஸைப் பாருங்க. அது உதரவிதானத்தை ஒட்டி இருக்கு. உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம் இதயம். நடுவுல சில சென்டிமீட்டர்தான் இடைவெளி. ரெட்டிகுலம் சும்மாவும் இருக்காது. ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை நல்லா இறுக்கிச் சுருங்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல. உள்ள ஒரு கூர்மையான கம்பி இருந்தா ஒவ்வொரு சுருக்கமும் ஒரு சின்னச் சுத்தியல் அடி. மாடு நிறைமாசமா இருந்தா கர்ப்பப்பையும் பின்னாடி இருந்து தள்ளும், கன்னு போடுறப்போ முக்குறதும் சேரும். லட்சுமிக்குக் கன்னு போட்ட கையோட நோய் வந்தது தற்செயல் இல்லை.

இறக்கத்துல இறங்க மறுத்ததுக்கும் காரணம் இதுதான். கீழ இறங்குறப்போ வயித்து உறுப்புகளோட மொத்தப் பாரமும் முன்னாடி சரிஞ்சு குத்துற இடத்தை அழுத்தும். மேட்டுல முன்னங்காலை வச்சு நின்னா வலி குறையும், கம்பியும் பின்னாடி போக ஒரு வாய்ப்பு இருக்கு. டாக்டர் மண் மேடு போடச் சொன்னது அதுக்குத்தான்.

சரி, மாடு ஏன் கம்பியை முழுங்குது? ஆடு உதட்டால தேடித் தேடிப் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால வளைச்சு வாரிப் போடுற ஜாதி. நாக்குல இருக்கிற முள்ளு மாதிரியான முனைகள் எல்லாம் தொண்டையைப் பார்த்து இருக்கும். உள்ள போனதைத் துப்புறது கஷ்டம். முதல்ல அரைகுறையா மென்னு முழுங்கிட்டு, அப்புறம் படுத்து அசை போடும். அதாவது முதல்ல எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணிடும், ஸ்கேன் பண்றது அப்புறம்தான். வைரஸ் அதுக்குள்ள உள்ள உட்கார்ந்திருக்கும்.

போஸ்ட்மார்ட்டம் எப்படிப் பேசுது?

டாக்டர் மாட்டை இடது பக்கம் கீழ இருக்கிற மாதிரி படுக்க வச்சார். ரூமன் இடது பக்கத்தை அடைச்சுக்கிட்டு இருக்கும். அது மேல வந்தா மத்த உறுப்பு எதையும் பார்க்க முடியாது. அதனால அசை போடுற விலங்குகளுக்கு இப்படித்தான் செய்வாங்க.

உள்ள, ரெட்டிகுலமும் உதரவிதானமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருந்தது. டாக்டர் கையால பிரிக்கப் பார்த்தார், வரலை. கத்தி போட வேண்டியிருந்தது. இதயத்தைச் சுத்தின உறையைக் கீறினதும் வந்த நாத்தத்துல நாங்க எல்லாரும் பின்னாடி போனோம். லிட்டர் கணக்குல அழுகின திரவம். இதயத்து மேல மஞ்சளா, சொரசொரப்பா ஒரு படலம். வெண்ணெய் தடவின ரெண்டு ரொட்டியை ஒட்டி வச்சுப் பிரிச்சா எப்படி இருக்குமோ அப்படி. நோய்க்குறியியல் புத்தகங்கள்லயும் இந்த உவமையைத்தான் சொல்வாங்களாம். அந்தப் படலம் ஃபைப்ரின், ரத்தம் உறையுறப்போ உருவாகுற அதே புரதம். கம்பி துளைச்ச பாதை வழியா வயித்துல இருக்கிற பாக்டீரியா இதய உறைக்குள்ள வந்து சீழ் பிடிக்க வைக்குது. உறை நிரம்பினா இதயத்தால விரிஞ்சு ரத்தத்தை வாங்க முடியாது. வாங்க முடியாத ரத்தம் கழுத்து நரம்புல தேங்கும், அலைதாடியில நீர் கோர்க்கும். நாங்க மூணு வாரம் கழிச்சுப் பார்த்த வீக்கம் அதோட கடைசி மெசேஜ்.

டாக்டர் ரெட்டிகுலத்தைத் திறந்து, விரலால தடவி, ஒரு கட்டுக்கம்பியை எடுத்தார். விரல் நீளம். துருப்பிடிச்சு, ஒரு முனை ஊசி மாதிரி. ரூமன்ல இருந்து ஒரு உருண்டை பிளாஸ்டிக் பையும் வந்தது.

பெரியப்பா விடலை. “கம்பி இருந்திருக்கலாம் சார். ஆனா கொன்னது விஷமா இருந்தா?” நியாயமான கேள்வி. அதுக்கு டாக்டர் சொன்ன பதில்தான் எனக்கு இந்த எபிசோட் பண்ணணும்னு தோண வச்சது.

“இந்த ஒட்டலைப் பாருங்க. புதுசா வந்த ஃபைப்ரின்னா மெதுவா, விரலால பிச்சாலே வந்துடும். நாள் ஆக ஆக அதுக்குள்ள நார்த்திசு வளர்ந்து, வெளுத்து, கெட்டியாயிடும். இது கத்தி போட்டுத்தான் பிரிஞ்சது. அப்போ இது வாரக்கணக்குல பழசு. நீங்க சொல்ற மருந்து அடிச்சது ரெண்டு நாள் முன்னாடி. அந்த மாதிரி பூச்சிமருந்து விஷம்னா வாயில நுரை ஒழுகும், உடம்பு உதறும், சில மணி நேரத்துல ஆள் காலி. அலைதாடி வீங்க அதுக்கு நேரம் ஏது?”

அதாவது உடம்புக்குள்ள ஒரு டைம்ஸ்டாம்ப் இருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது தேதி சொல்லுது. இதுதான் நோய்க்குறியியல். உறுப்புல தெரியுற மாற்றத்தை வச்சு நோயோட இடத்தையும் வரிசையையும் கண்டுபிடிக்கிறது. மனுஷங்களுக்கு இந்த முறையைப் பெரிய அளவுல தொகுத்தவர் இத்தாலியின் பதுவா நகரத்து மோர்கானி, 1761-ல். அதே 1761-ல்தான் பிரான்ஸ்ல லியோன் நகரத்துல உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கிடைச்சது. நம்ம ஊர்ல சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஆரம்பிச்சது. தஞ்சாவூர் மாவட்டத்துக்குள்ளயே, ஒரத்தநாட்டுல, 2012-ல் இருந்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. எக்ஸ்ரேன்னு சொன்னப்போ நாங்க கிளம்பியிருந்தா, பஸ் தூரம்தான்.

பெரியப்பா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலை. ஆனா கதை அங்க முடியலை. பெரியம்மா அந்தக் கம்பியைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, “இது நம்ம வீட்டு வேலையில மிஞ்சினதுடா”ன்னாங்க. கார்த்திகையில மாடியில ஒரு ரூம் கட்டினோம். நான் ஊருக்கு வந்தா உட்கார்ந்து வேலை பார்க்கணும்னு, என் பணத்துல. கம்பி கட்டினவங்க வெட்டிப் போட்ட துண்டெல்லாம் கீழ வைக்கோல் போர் பக்கம் விழுந்திருக்கு. யாரும் பொறுக்கலை. பொறுக்கணும்னு நானும் சொல்லலை.

தடுக்க முடியுமா?

கம்பிக்கு ஒரு எளிய வழி இருக்கு: காந்தம். விரல் நீளத்துல, ஓரம் மழுங்கின ஒரு காந்தத்தை மாட்டுக்கு முழுங்கக் கொடுப்பாங்க. கனமா இருக்கிறதால அதுவும் ரெட்டிகுலத்துல போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் வர்ற ஆணி, கம்பி எல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு, குத்தாம கிடக்கும். ஆயுசுக்கும் ஒண்ணே போதும். ஏற்கெனவே உள்ள காந்தம் இருக்கான்னு நெஞ்சுப் பக்கம் ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோய்ப் பார்த்தா முள் திரும்பும். ஆனா செம்பு, அலுமினியத்துக்கு இது வேலைக்கு ஆகாது. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் கொடுக்கணும்.

பிளாஸ்டிக்குக்குக் காந்தமே கிடையாது. பை செரிக்காது, ஒமேசத்துக்குப் போற சின்ன வாசல்ல நுழையவும் முடியாது. ரூமன்லயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். 2019 அக்டோபர்ல சென்னையில கால்நடைப் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு மாட்டு வயித்துல இருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தாங்க. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆபரேஷன். தமிழ்நாட்டுல ஒரு தடவை பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும் அதே வருஷம், ஜனவரி 1-ல்.

மாடு பையைத் தேடிப் போறதில்லை. பைக்குள்ள நாம முடிச்சுப் போட்டு வைக்கிற பழைய சாதம்தான் அதைக் கூப்பிடுது. மாட்டால முடிச்சை அவிழ்க்க முடியாது. அமாவாசைக்குத் திருவையாத்துப் படித்துறையில திதி கொடுத்துட்டு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். நல்ல எண்ணம்தான். பையில இருந்து வெளிய எடுத்து, கட்டின ரப்பர் பேண்டைக் கழட்டிட்டுக் கொடுங்க. வீட்டுல கட்டட வேலை நடந்தா, சாயங்காலம் ஒரு காந்தத்தைக் கயித்துல கட்டித் தரையில இழுத்துட்டு வாங்க.

ஊர்ல மாடு வச்சிருக்கிற சொந்தக்காரங்க போன்ல, “தீனி எடுக்கலை, முட்டியை விரிச்சு நிக்குது, இறக்கத்துல இறங்க மாட்டேங்குது”ன்னு சொன்னா, என்னை மாதிரி சிரிக்காதீங்க. 1962-ங்கிற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரைச் சொல்லுங்க. ஊசி போட்டு மாடு தேறினாலும் எக்ஸ்ரேயை விடாதீங்க. வலி குறைஞ்சதுக்கு அர்த்தம் கம்பி வெளிய போயிடுச்சுங்கிறது இல்லை.

லட்சுமியோட கன்னு இப்போ நல்லா வளர்ந்துடுச்சு. தாய்ப்பால் இல்லாம போனப்போ அதுக்கு மூணு மாசம் பால் கொடுத்தது யார் தெரியுமா? உளுந்து வயல் மாமாதான், அவர் வீட்டு மாட்டுப் பாலை. வரப்புத் தகராறு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, அது வேற ஃபைல்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. வாசல்ல மாடு வந்தா, பையைப் பிரிச்சுட்டுப் போடுங்க.