பெயருக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி

ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையின் சில அறைகளில் யாராவது உதவினால், அவர் பெயரை ஒட்டி ‘++’ என்று தட்டுவார்கள். அறையில் இயங்கும் தானியங்கி நிரலான பாட் உடனே அவர் கணக்கில் ஒரு புள்ளி கூட்டும். ‘--’ என்றால் குறைக்கும். ஏன் இந்தக் குறி? சி மொழியில் ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் கட்டளை அது. நிரலாளர்களுக்குக் கைப்பழக்கம்.

எப்படி நடக்கிறது? பாட்டில் சேர்த்த செருகுநிரல் ஒவ்வொரு செய்தியிலும் ‘ஒரு சொல், ஒட்டியபடி இரு குறி’ என்ற வடிவத்தைத் தேடுகிறது. கண்டதும், அந்தச் சொல்லுக்கான எண்ணைத் தரவுத்தளத்தில் மாற்றுகிறது. பொருள் அதற்குத் தெரியாது. அதனால், விதிவிலக்கு எழுதாவிட்டால், ‘சி++ படிக்கிறேன்’ என்றாலும் ‘சி’க்குப் புள்ளி விழும். ஒருவர் தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்வதைத் தடுக்க, அனுப்பியவர் பெயரையும் ஒப்பிட வேண்டும். கழித்தல் வசதியே வேண்டாம் என்பேன். புதிதாக வந்தவர் ஒரே குறியில் வாயடைத்துப் போவார்.