இனிப்புநீரும் இறங்கும் சர்க்கரையும்

மலேசியத் தமிழர் நீரிழிவை ‘இனிப்புநீர்’ என வழங்குவர். நோயின் ஓர் அடையாளத்தைச் சரியாகவே சுட்டும் எளிய சொல் அது. ஆயினும், இனிப்பு மிகுதலே தீங்கு என்னும் எண்ணத்தை அது மனத்தில் பதித்துவிடுகிறது. இனிப்பு குறைந்தாலும் உயிர்க்கு இடர் என்பது பலருக்கு எட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் இந்நோய் உடையோர். இந்தியரிடையே இது 31 விழுக்காட்டையும் கடந்தது.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தொழிலாளி ஒருவர், காற்புண் முற்றித் தானா ராத்தா மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று கொள்வோம். கிருமித்தொற்று உள்ளபோது உடல் சுரக்கும் சில இயக்குநீர்கள் இன்சுலினின் ஆற்றலை மழுங்கச் செய்யும். சர்க்கரை ஏறும், மருத்துவர் ஊசியளவைக் கூட்டுவார். அங்கு வேளை தவறாமல் உணவு வரும். நடையோ கட்டிலிலிருந்து குளியலறை வரைதான்.

வீடு திரும்பியபின் நிலைமை தலைகீழாகிறது. தொற்று தணியத் தணிய இன்சுலின் தேவை குறைகிறது. வேலைக்குச் சென்றாலோ, சரிவில் ஏறியிறங்கும் தசைகள் குருதிச் சர்க்கரையை ஈர்த்துக்கொள்கின்றன. இவ்விளைவு அன்றிரவு வரையிலும் நீடிக்கக்கூடும். காலைப் பசியாறலும் சில நாள் பிந்தும். ஊசியளவு மட்டும் மாறாதிருக்கிறது. படுக்கையில் கிடந்தவருக்கு அளந்த மருந்து, மலையேறுபவருக்கு மிகையாகிவிடுகிறது.

சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழிறங்கினால் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். பின்னர் பேச்சுக் குழறி, நினைவும் தப்பலாம். நடுக்கத்தைக் குளிரின்மேல் ஏற்றிச் சொல்வது மலைவாழ்வோர்க்கு எளிது. குளிர்ந்த காலையில் காரணமின்றி வியர்ப்பதையே முதலில் ஐயுற வேண்டும். குழறிய பேச்சைக் குடிமயக்கம் என்று ஒதுக்குவதும் உண்டு, அது கொடுமை. சிறுநீரகம் நலிந்தோரிடம் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நெடுநேரம் தங்குவதால், ஒருமுறை தேறியவருக்கும் சர்க்கரை மீண்டும் இறங்கலாம்.

நினைவுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து அளந்து பார்த்தல் வேண்டும். ஏறாவிடின் மீண்டும் கொடுக்கலாம். “இனிப்புநீர்க்காரருக்குச் சர்க்கரையா?” என்று வீட்டார் கை பின்வாங்குவது இவ்விடத்தில்தான். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலுள் இறங்கிவிடும். 999க்கு அழைப்பதே வழி.

மொழி தொடர்பான இன்னோர் இடரும் உண்டு. மருந்துப் பையில் ‘செபெலும் மாக்கான்’ என்றிருந்தால் உணவுக்கு முன். ‘செலெபாஸ் மாக்கான்’ என்றிருந்தால் உணவுக்குப் பின். மலாய் எழுத்தில் இரண்டு முதற்சொற்களும் ஒரே அசையில் தொடங்கி, ஏழேழு எழுத்துகளில் முடிகின்றன. மலாய் பேசத் தெரிந்தும் வாசிக்கப் பழகாத பாட்டியின் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. தமிழ்ப்பள்ளி மாணாக்கர்க்குப் புலப்படும். வீட்டிலுள்ள பழைய பையையும் புதிய பையையும் அருகருகே வைத்து அவர்கள் வாசித்துக் காட்டலாம். ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இருந்து, இரண்டையும் விழுங்கும் பிழை அப்போது வெளிப்படும். எது நிறுத்தப்பட்டது, கூட்டிய ஊசியளவை மறுபடி பார்க்க எந்நாளில் வரவேண்டும் என்னும் இரு வினாக்களையும், மருத்துவமனை வாயிலைக் கடக்குமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.