வீட்டிலே சூழொலி

டிஸ்க் பிளேயர் ஒன்று, ரிசீவர் ஒன்று, ஸ்பீக்கர்கள் ஐந்து, தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்-ஊஃபர் ஆகிய இவற்றையெல்லாம் பொருள் செலவிட்டு வாங்கிக் கூடத்தில் அமைத்த பிறகும், முன்னே உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே பேச, ஏனையவை வாய் திறவாதிருக்கின்றன என்பது பல இல்லங்களில் எழும் குறை. ஸ்பீக்கரே பழுது என்று எண்ணிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோரும் உண்டு. பெரும்பாலும் பழுது ஸ்பீக்கரில் இருப்பதில்லை. டிஸ்கில் ஆறு பகுதிகளாகப் பதிந்திருக்கும் ஒலி, ரிசீவரை வந்தடைவதற்குள் வழியில் எங்கோ இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. அவ்விடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் குறை நீங்கும்.

தமிழகத்திற்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர்க்கு இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. வீதியிலும் பள்ளியிலும் வேறு மொழி வழங்கும் ஊரில், குழந்தைகளின் செவியில் தமிழ் விழுவதற்கு வீட்டுப் பேச்சு ஒரு வழி, திரைப்படம் மற்றொரு வழி. அத்திரைப்படத்திலும் வாத்திய முழக்கம் மட்டும் ஓங்கி, வசனம் அமுங்கிப் போகுமானால், குழந்தைகள் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள், செவிப்புலன் சற்றே மங்கிய முதியவர்களோ, "இப்போது என்ன சொன்னான்?" என்று அருகில் இருப்பவரை ஓயாது கேட்கிறார்கள். வசனம் தெளிவதும் தெளியாததும் பெரிதும் இவ்விணைப்பைப் பொறுத்தவையே.

ஒலியைப் பல திசைகளிலிருந்து எழுப்பும் எண்ணம் புதியதன்று. 1940-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' படத்திற்கே அத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டது. நம் நாட்டில் 1975-இல் வந்த 'ஷோலே'யை 70 மில்லிமீட்டர் திரையில் கண்டவர்கள் அதன் ஒலியின் பரப்பை மறந்திருக்கமாட்டார்கள். 1992-இல் டால்பி டிஜிட்டல் முறை திரையரங்குகளுக்கு வந்தது. 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி., அம்முறையை வீட்டுக்குள் கொணர்ந்தது. ஐந்து புள்ளி ஒன்று என்று கடைக்காரர் சொல்வது இதனைத்தான். முன்பக்கம் இடம், நடு, வலம் என மூன்று, கேட்பவருக்குப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னுமாக இரண்டு, ஆக ஐந்து. ஆறாவது பகுதி இடிமுழக்கம் போன்ற மிகத் தாழ்ந்த ஒலிக்குரியது. அது ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட சிறு எல்லையில் மட்டும் இயங்குவதால் முழு எண்ணாகக் கொள்ளப்படாமல், புள்ளி ஒன்று என்ற பெயரைப் பெற்றது. இவ்வைந்தனுள் வசனத்தைப் பெரும்பாலும் சுமப்பது நடு ஸ்பீக்கர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

ரிசீவர் என்ற சொல் நம் காதில் முன்பு தொலைபேசியின் கைப்பிடியைக் குறித்தது. இங்கே அது வேறு. வந்து சேரும் ஒலியைப் பிரித்தறிந்து, வலுவூட்டி, எந்தப் பகுதி எந்த ஸ்பீக்கருக்கு உரியதோ அதனிடம் ஒப்படைக்கும் பெட்டி அது. மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவனுக்கு இதற்கொரு தூய தமிழ்ச் சொல் ஆக்கத் தோன்றாமலில்லை. ஆயினும் பெட்டியின் முகப்பிலும் கடையிலும் வழங்கும் சொல்லை மாற்றினால் கேட்பவருக்குத்தான் இடர். ஆகவே அவ்வாறே இருக்கட்டும்.

முதலில் கம்பியைப் பார்ப்போம். இணைப்பதற்கு முன் எல்லாப் பெட்டிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பிளேயரோடு பெரும்பாலும் வரும் சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பி வலம், இடம் என்ற இரண்டே பகுதிகளைச் சுமக்க வல்லது. அதனை இணைத்துவிட்டு ஐந்தை எதிர்பார்ப்பது, இரண்டு பேர் அமரும் ரிக்‌ஷாவில் ஐவரை ஏற்றுவது போலாகும். அடுத்தது ஆப்டிகல் கம்பி. 1983-இல் தோஷிபா நிறுவனம் கொணர்ந்தது. ஒலியை ஒளியாக்கி அனுப்புவது. ஆரஞ்சு முனை கொண்ட கோஆக்சியல் கம்பியும் இதே வேலையைச் செய்கிறது. மூன்றாவது எச்.டி.எம்.ஐ. இதன் முதல் விதிகள் 2002-இல் வகுக்கப்பட்டன. படமும் ஒலியும் இதில் ஒருங்கே செல்லும்.

ஆப்டிகல் கம்பியிலேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆதலின் அதைச் சற்று விரித்துரைக்கலாம். டிஸ்கில் உள்ள டால்பி ஒலி சுருக்கி மடிக்கப்பட்டது. டி.வி.டி.யில் அது நொடிக்கு 4,48,000 பிட்டுகளுக்கு மேற்படுவதில்லை. சுருக்காத ஒலியோ, ஒரு பகுதிக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட்டுகள் என்று கணக்கிட்டால், இரண்டு பகுதிகளுக்கே 15,36,000 பிட்டுகள் ஆகும். ஆறு பகுதிகளுக்கு 46,08,000. ஆப்டிகல் இணைப்பின் விதிகளில் சுருக்காத ஒலிக்கு இரண்டு பகுதிகளுக்கு மட்டுமே இடமுண்டு. ஆனால் மடித்த நிலையிலேயே அனுப்பினால் ஆறும் அதில் தாராளமாகச் செல்லும். மடித்து அனுப்புவதா, விரித்து அனுப்புவதா என்பதை முடிவு செய்வது பிளேயர்.

பிளேயரின் அமைப்புப் பட்டியலில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்றோ அதனையொத்த பெயரிலோ ஓர் இடம் இருக்கும். அங்கே பிட்ஸ்ட்ரீம், பி.சி.எம். என்ற இரு சொற்கள் காணப்படும். அலுவலக வழக்கில் சொல்வதானால், பிட்ஸ்ட்ரீம் என்பது உறையைப் பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்பது. பிரித்துப் படிக்கும் வேலை ரிசீவருடையது. பி.சி.எம். என்பது பிளேயரே உறையைப் பிரித்து, உள்ளதை எழுதி அனுப்புவது. ஆப்டிகல் வழியில் எழுதி அனுப்ப இரண்டு வரிகளே இடமிருப்பதால், ஆறு பகுதிகளும் அவ்விரண்டிற்குள் கலந்து திணிக்கப்படுகின்றன. ரிசீவர் அதனை முறையான ஸ்டீரியோ என்றே நம்பி முன் ஸ்பீக்கர்கள் இரண்டிற்கும் கொடுத்துவிடுகிறது. பின் ஸ்பீக்கர்களின் மௌனத்திற்கு மிகப் பெரும்பான்மையான காரணம் இதுவே. பல பிளேயர்கள் தொழிற்சாலையிலிருந்தே பி.சி.எம். என்று வைக்கப்பட்டு வருவதுண்டு. அதனைப் பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றினால் போதும்.

எச்.டி.எம்.ஐ. வழியில் இந்த நெருக்கடி இல்லை. சுருக்காத ஒலியே எட்டுப் பகுதிகள் வரை அதில் செல்லும். ஆதலின் பி.சி.எம். என்று வைத்தாலும், பிளேயர் எல்லாப் பகுதிகளையும் பிரித்து அனுப்பும் திறனுடையதாயின் நட்டமில்லை. எனினும் ப்ளூ-ரே டிஸ்கின் உயர்தர ஒலிவகைகளான டால்பி ட்ரூ-எச்.டி., டி.டி.எஸ்.-எச்.டி. இரண்டையும் உறை பிரிக்காமல் அனுப்ப 2006-இல் வந்த 1.3 என்னும் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இரு பெட்டிகளிலும் இருத்தல் வேண்டும். இன்னுமொன்று: ப்ளூ-ரே பிளேயரில் 'செகண்டரி ஆடியோ' என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால், பட்டியலின் சிறு ஓசைகளைக் கலக்கும் பொருட்டுப் பிளேயரே உறையைப் பிரித்து, தரத்தைக் குறைத்து அனுப்பக்கூடும். அதனை நிறுத்திவிடலாம்.

பிளேயரை முதலில் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்து, அங்கிருந்து ஆப்டிகல் கம்பியை ரிசீவருக்குக் கொண்டுவருவது சில வீடுகளின் வழக்கம். இதனை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெளியிலிருந்து வரும் ஒலியை இரண்டாகச் சுருக்கியே வெளிவிடும் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல. பிளேயரிலிருந்து ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து தொலைக்காட்சிக்கும் என்று கம்பியைக் கொண்டு செல்வதே நேர்வழி.

செய்தது சரிதானா என்று அறியச் செவியை மட்டும் நம்ப வேண்டாம். ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ்., மல்டி சேனல் என்பவற்றுள் ஒன்று ஒளிர்ந்தால் நன்று. பி.சி.எம். என்றோ ஸ்டீரியோ என்றோ மட்டும் காட்டினால் குறை பிளேயரிலோ கம்பியிலோ டிஸ்கிலோ இருக்கிறது. டிஸ்கிலும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். பல மொழி டிஸ்குகளில் ஒரு மொழிக்கு ஐந்து புள்ளி ஒன்றும், மற்றொரு மொழிக்கு வெறும் ஸ்டீரியோவும் பதித்திருப்பார்கள். பட்டியலில் 'ஆடியோ' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் என்ன எண் இருக்கிறதென்று பார்க்க வேண்டும். இனி, சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த காலத்துப் படங்களில் மூல ஒலியே ஒற்றைப் பகுதிதான். அங்கே பின் ஸ்பீக்கர் பேசாதிருப்பதே முறை. 'ப்ரோ லாஜிக்' ஏற்பாட்டில் அவ்வொலி முழுதும் நடு ஸ்பீக்கரில் வந்து நிற்பதைக் கண்டு திகைக்க வேண்டாம்.

ரிசீவருக்கும் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். எந்தெந்த ஸ்பீக்கர் உண்டு, எது இல்லை என்பது முதலாவது. நடு ஸ்பீக்கரை வாங்காமலோ கம்பி கழன்றோ இருக்கையில், அது உண்டு என்று ரிசீவரில் குறித்திருந்தால், வசனம் முழுவதும் இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பப்பட்டு மறைந்துபோகும். மழையும் மோட்டாரும் மட்டும் கேட்கும். முதியவர்களின் குறைக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. இல்லை என்று குறித்தால், ரிசீவர் வசனத்தை இடத்திற்கும் வலத்திற்கும் பகிர்ந்தளித்துவிடும். 'டெஸ்ட் டோன்' என்ற சோதனை ஓசையை எழுப்பினால் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சீறி வரும். ஐந்தும் சீறினால் கம்பிகளில் குறையில்லை என்று தெளியலாம். ஒவ்வொன்றிலும் சிவப்புக்குச் சிவப்பும் கறுப்புக்குக் கறுப்பும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்றில் மாறிவிட்டாலும் தாழ்ந்த ஒலி மெலிந்து, குரல் ஓரிடத்தில் நில்லாமல் பரந்து கேட்கும்.

அடுத்தது தொலைவு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும்; அஃதாவது ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று பங்கு நொடி. முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1.5 மீட்டரிலும் இருந்தால், பின்னது முந்திக்கொண்டு கேட்கும். உண்மைத் தொலைவைக் குறித்துக்கொடுத்தால் ரிசீவர் அதனைத் தாமதப்படுத்திச் சமன் செய்யும். குறிப்பது அடியா, மீட்டரா என்று பார்த்துக்கொள்க. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடுவிலிருந்து 30 பாகை விலகியும், பின்னவை 100 முதல் 120 பாகையிலும் இருத்தல் வேண்டுமென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அரசாங்கக் குடியிருப்புகளின் சிறு கூடத்தில் சோபா சுவரையொட்டியே கிடக்கும், பின்னே இடமேது? பக்கச் சுவர்களில், அமர்ந்திருப்பவர் காதுக்குச் சற்று மேலே ஆணியடித்து மாட்டிவிடலாம். கேடில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார் என்ற கவலை அடுக்குமாடிவாசிகளுக்கு உண்டு. டால்பி ஒலிக்கென்றே 'நைட் மோட்' என்ற ஏற்பாடு பல ரிசீவர்களில் இருக்கிறது. அது வெடியோசையைத் தாழ்த்தி, மெல்லிய ஒலியை உயர்த்தும். அதன் பிறகும் வசனம் போதவில்லையெனில், நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் கூட்டி, சப்-ஊஃபரை அணைத்துவிடலாம்.