பழைய தமிழ்த் தரவுத்தளங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல்

பழைய தமிழ்த் தரவுத்தளங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல் என்பது, டிபேஸ், பாக்ஸ்புரோ போன்ற மென்பொருள்களில் 8 பிட் தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு பதியப்பட்ட அலுவலகப் பதிவேடுகளைப் புதிய தரவுத்தளத்துக்குக் கொண்டு செல்லும் பணி ஆகும்.

பின்னணி

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து டேம், டேப் என்னும் குறிமுறைகள் தமிழ்நாடு அரசின் தரங்களாயின. 2010 சூனில் அவற்றுக்கு மாற்றாக ஒருங்குறியும் டேஸ்16உம் அறிவிக்கப்பட்டன. விசுவல் பாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு (9.0) 2004இல் வெளிவந்தது, அதற்கான ஆதரவு 2015 சனவரியில் முடிந்தது.

சிக்கல்கள்

கோப்பைப் புதிய மென்பொருளில் திறப்பது எளிது. பெயர்களைப் பிழையின்றிக் கொண்டு செல்வதே கடினம். எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்ற செய்தி பழைய புலத்தில் இராது. உரிய எழுத்துரு இல்லையெனில் அது வெறும் குறியீட்டுக் குவியலே. மேலும் டேப் போன்றவை எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பவை. "கொ" என்பது ஒற்றைக்கொம்பு, க, கால் என்று பதிவாகும். ஒருங்குறியில் க முதலில் வரும். ஆகவே, குறிகளை ஒன்றுக்கொன்றாக மாற்றுவது போதாது; இடமும் மாற்ற வேண்டும்.

புலத்தின் அகலம் இன்னொரு பொறி. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள முசரவாக்கம் என்னும் ஊர்ப்பெயரில் 7 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது 11 குறியீடுகள். யுடிஎப்-8 முறையில் 33 பைட்டுகள். 30 பைட்டுப் புலத்தில் இட்டால் கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து "முசரவாக்கம" என நிற்கும். திரையில் இது எளிதில் கண்ணில் படாது. ஆனால் பட்டாவையோ குடும்ப அட்டையையோ ஒப்பிடும் நிரலுக்கு இது வேறு ஊர்.

வழியைத் தெரிவு செய்தல்

விசுவல் பாக்ஸ்புரோவுக்கு மாறுவது செலவு குறைந்த வழியாகத் தோன்றினாலும், அதன் உரைப் புலங்கள் ஒருங்குறியை ஏற்பதில்லை. ஓர் அட்டவணை 2 ஜிபியைத் தாண்டவும் இயலாது. மைக்ரோசாப்ட் அக்சசு 2000ஆம் பதிப்பு முதல் ஒருங்குறியை ஏற்கிறது. ஓரிருவர் மட்டும் பயன்படுத்தும் சிறு அலுவலகத்துக்கு அதுவே போதும். பலர் ஒரே நேரத்தில் பதியும் இடத்துக்குப் போசுட்கிரெசு போன்ற கட்டற்ற வழங்கி பொருத்தமானது. அதில் புலத்தின் அகலம் பைட்டில் அன்றிக் குறியீட்டில் எண்ணப்படும். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு முதல் ஐசியு நூலகத்தின் வழியே தமிழ் அகரவரிசையும் கிடைக்கிறது. இவ்வரிசையைக் குறிப்பிடாமல் குறியீட்டெண்படி அடுக்கினால், ன எழுத்து ந எழுத்தை அடுத்து வந்துவிடும்.

எவ்வழியாயினும் மாற்றம் படியிலேயே செய்யப்படும். மாற்றிய பெயர்களை மீண்டும் பழைய குறிமுறைக்குத் திருப்பி மூலத்தோடு ஒப்பிட்டால், பிழையான பதிவுகளில் பெரும்பாலானவை தனியே பிரியும். மூலக் கோப்பையும் அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.